அந்தியேட்டி மண்டபத்தில் ஒரு பதவியேற்பு

அமெரிக்காவில் ஒரு ஜனாதிபதி பதவியேற்கிறதை நான் முழுதாக இருந்து பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அதுவும் கொலோனில், ஓர் அந்தியேட்டி மண்டபத்தில், செத்தவரின் படத்துக்குப் பக்கத்தில். எங்கள் சனத்தைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

செத்தவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவியை அக்கா. சொந்தம் ஒன்றும் இல்லை. அக்காவும் நானும் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நெடுங்காலமாக ஒன்றாக வேலை செய்கிறோம். படுக்கை விரிப்பை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்து மடிக்கும்போது நாங்கள் கதைக்காத கதை இல்லை. அக்காவின் மூத்த மகனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த விரிப்புகளுக்கு மேலால் கேட்டதுதான்.

அண்ணை இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது மகன் பாலர் வகுப்பில் இருந்தான். சில வருடங்களில் அக்காவும் வந்து சேர்ந்தார். ஏஜென்சிக்காரன் ஒரு ஆளைத்தான் கொண்டுபோக ஏலும் என்று நின்றதால், மகனைத் தங்கையிடம் விட்டுவிட்டு, மூன்று மாதத்தில் கூப்பிடலாம் என்று நம்பி வந்தவர். மூன்று மாதம் வருடக்கணக்காக இழுபட்டது. அன்ட்ராக் என்கிற விண்ணப்பத்தை ஒன்றுக்கு மேல் ஒன்றாக எழுதிப் போட்டார்கள். கடைசியில் சரி என்று பதில் வருகிற நேரம், பையனுக்கு வயது கடந்துவிட்டது, இனிக் கூப்பிட முடியாது என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். இங்கே பிறந்த மகள் இங்கேயே படித்து ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். தமையனை அவள் தொலைபேசித் திரையில் பார்த்து வளர்ந்தவள்.

யுத்தம் முடிந்த பிறகு ஊரில் இருக்க ஏலாமல் அந்த மகன் தென்னமெரிக்காவில் போய் இறங்கி, காடு, ஆறு, எல்லை என்று நடந்து அமெரிக்காவுக்குள் போய்ச் சேர்ந்தான். அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. அவனுடைய அகதி வழக்கு தள்ளுபடியாகி, மேன்முறையீடு என்று இன்னமும் தொங்கிக்கொண்டு கிடக்கிறது. நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பப் போக முடியாது. அக்கா ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணைக்குச் சிறுநீரகம் பழுது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற மனிதரை டாக்டர் விமானம் ஏற விடவில்லை. தகப்பனும் மகனும் திரும்ப நேரில் காணாமலே எல்லாம் முடிந்துபோனது.

இங்கே கொள்ளி வைப்பதென்றால் ஒரு பொத்தானை அமத்துவதுதான். அதற்கும் ஒரு மகன் வேண்டும். ஸ்டுட்கார்ட்டில் இருந்து அண்ணையின் தம்பியின் மகன் வந்து அமத்தினான். அப்போது எனக்குப் பின்னால் நின்ற ஒரு வாய், "மகன் இருந்து என்ன, இல்லாத மாதிரித்தான்" என்று சொன்னது. மெல்லச் சொல்லுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. அக்காவுக்கும் கேட்டது.

அடுத்த கிழமை சலவை அறையில் அக்கா என்னிடம் சொன்னார். "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அந்தியேட்டியண்டு என்ரை மோன் பெரிய திரையில வந்து, எல்லாற்றை முன்னாலையும், தேப்பனைப் பற்றி நாலு வார்த்தை கதைக்க வேணும். எனக்கு மோன் இருக்கிறான் எண்டு இந்தச் சனம் பாக்க வேணும். அது காணும்."

அந்தியேட்டி என்பது எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் காரியம். காலையில் ஐயர் கிரியை செய்வார், பிறகு சனத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு. ஜெர்மனியில் எல்லோரும் அதைச் சனி, ஞாயிறுக்குத் தள்ளிவிடுவார்கள். அக்கா தள்ளமாட்டேன் என்று நின்றார். செத்த மனிசனுக்கு வேலை நாள், லீவு நாள் இருக்கோ என்று கேட்டார். அதனால் அது ஒரு திங்கட்கிழமை வந்தது. வேலை முடிந்து வருகிறவர்களுக்காகச் சாப்பாட்டைப் பின்னேரத்துக்கு வைத்து, ஒரு தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். மகனுடைய வேலை இடைவேளை அரை மணி நேரம். அங்கே மத்தியானம் பன்னிரண்டு என்றால் எங்களுக்குப் பின்னேரம் ஆறு. ஆறு மணிக்கு அவன் திரையில் வருவான் என்று ஒழுங்கு.

அன்றைக்குத்தான் அமெரிக்காவில் புதிய ஜனாதிபதி பதவியேற்கிறார் என்பது அக்கா வீட்டாருக்குத் தெரியும். மகனுக்கு அது மற்ற எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். "அந்தியேட்டிக்குப் பிறகு இந்த நம்பர் வேலை செய்யாது, கொஞ்ச நாளைக்கு வேறை ஊரில போய் நிக்கப் போறன், நானா எடுக்கும் வரைக்கும் தேட வேண்டாம்" என்று, பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், தங்கையிடம் சொல்லிவிட்டான். ஆக அந்த அரை மணி நேரம் போனால், தாயும் மகனும் முகம் பார்ப்பது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பிலே அக்கா காலையில் இருந்து ஒரு வாய் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை.

சனம் வந்தது. மழைக் கோட்டுகள் வாசலில் குவிந்து கிடந்தன. மேடையின் ஒரு பக்கம் அண்ணையின் படம், மாலை, குத்துவிளக்கு. படத்துக்கு முன்னால் படையல். பொட்டாசியம் கூடும் என்று டாக்டர் தடுத்து வைத்த வாழைப்பழம் அங்கே ஒரு சீப்பு முழுதாக இருந்தது. சர்க்கரை வியாதி என்று கண்ணில் காட்டாத லட்டும் கேசரியும் இருந்தன. பாவி மனிதர், உயிரோடு இருந்தபோது ஒன்றுக்கும் வழியில்லை. மேடையின் மற்றப் பக்கம் பெரிய வெள்ளைத் திரை. அதற்குக் கீழே ஒரு மேசையில் மகளின் மடிக்கணினி.

ஒரு நிமிட அகவணக்கம் என்று எழும்பி நின்றோம். அந்த ஒரு நிமிடத்துக்குள் யாருடையதோ கைபேசி சினிமாப் பாட்டுப் பாடியது. அதை நிறுத்தாமல், "ஓம், மண்டபத்திலதான் நிக்கிறன், பேந்து எடுக்கிறன்" என்று பதில் வேறு சொன்னார் அந்தப் பெரிய மனிதர். பின்வரிசைகளில் பாதிப் பேர் எழும்பவே இல்லை. கால் வலியாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மகள் கணினியில் என்னவோ தட்டித் திறந்து வைத்தாள். திரையில் ஒரு வெறும் சாம்பல் நிறப் பெட்டி தெரிந்தது. "இதை ஒருத்தரும் தொடாதேங்கோ" என்று சொல்லி அவள் தாயை முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினாள். அதே நேரம் மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். யாரோ அவருடைய வாசலை மறித்துக் காரை விட்டிருக்கிறார்கள், எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போகச் சொல்லுவாராம். கார் ஐயருடையது. ஐயர் இலையில் இருந்தார். கார்த் திறப்பை மகளிடம் நீட்டினார். அந்தப் பகுதியில் கார் விட இடம் தேடுவது கொடுமையிலும் கொடுமை. அவள் தன் கைபேசியைக்கூட எடுக்காமல் மழைக்குள் ஓடினாள்.

இனி ஒரு கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொலோனில் தமிழ்க் கடை வைத்திருக்கிறவர். அந்தக் காலத்தில் ஒரு லொறியின் பின்பெட்டிக்குள் மரக்கறிப் பெட்டிகளோடு ஒளிந்து இந்த நாட்டுக்கு வந்தவர். போக இடம் இல்லாமல் நின்றவரை அகதி முகாமில் தன்னுடைய அறைக்குள் வைத்து, காவலாளிக்குத் தெரியாமல் சோறு போட்டவர் அண்ணை. தனக்கே அரைகுறையாக வந்த ஜெர்மனை வைத்துக்கொண்டு அவரோடு கூப்பிட்ட ஒவ்வொரு டெர்மினுக்கும், அந்தந்த நாள் தவறாமல், அலுவலகத்துக்குப் போய்க் கதைத்ததும் அண்ணைதான். இதெல்லாம் நான் இட்டுக் கட்டியது இல்லை. மரண வீட்டில் அவரே குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டு சொன்னது. அன்றைக்கும் மகன் கதைத்த பிறகு அண்ணையைப் பற்றி அவர் பேசுவதாக இருந்தது.

அந்த மனிதர் எழும்பிப் போய் மடிக்கணினிக்கு முன்னால் நின்றார். கூடவே வாடகைக் கார் ஓடுகிற அவருடைய சிநேகிதர்.

"இப்ப அங்கை சத்தியப்பிரமாணம் நடக்கப் போகுது. போட்டுப் பாப்பமே?" என்றார் கார்க்காரர்.

"கடைக்கார அண்ணை, ஆறு மணிக்கு மோன் வருவான், தொட வேண்டாம் எண்டு பிள்ளை சொல்லிப்போட்டுப் போறாள்" என்று நான் முன்வரிசையில் இருந்து சத்தமாகச் சொன்னேன்.

கடைக்காரர் திரும்பிச் சிரித்தார். "பிள்ளை, எங்கட ஆக்கள் ஆறு எண்டா ஏழு. கலியாண வீட்டுக்கே தாலி கட்டினாப் பிறகுதான் வாற சாதி. அவன் ஆறுக்கு வருவானே? வரட்டும். வந்தா மணி அடிக்கும்தானே, உடனை மாத்திவிடலாம்."

அக்கா பாதி எழும்பி, "தம்பி, அவனுக்கு அரை மணித்தியாலம்தான்..." என்று தொடங்கினார்.

"நீங்கள் இருங்கோ அக்கா. நான் பாத்துக்கொள்ளுறன்."

இரண்டு தட்டுத் தட்டினார். அந்தச் சாம்பல் பெட்டி மறைந்தது. ஒரு ஜெர்மன் தொலைக்காட்சியின் நேரலை வந்தது. அண்ணையின் படத்தை விட நாலு மடங்கு பெரிதாக, கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் மண்டபத்தை நிறைத்துக்கொண்டு நின்றார்கள். மொழிபெயர்ப்பாளரின் குரல் ஒலிபெருக்கியில் இரைந்தது. எனக்கு எழும்பிப் போய் அந்த வயரைப் பிடுங்கி எறிய வேண்டும் போல் இருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "விடடி. செத்த வீட்டில சண்டை வேண்டாம். மணி அடிக்கும் எண்டு சொல்லுறார்தானே."

இருந்தோம். மணி அடிக்கும் என்று அக்கா காதைத் தீட்டிக்கொண்டு, யாரென்று தெரியாத மனிதர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சனத்துக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. அகவணக்கத்துக்கு எழும்பாத கால்கள் எல்லாம் கதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தன. பெண்கள் கோட்டையும் தலைமயிரையும் பற்றி ஆராய்ந்தார்கள். "ஆளுக்கு ஆள் கொஞ்சிறதைப் பார், எங்கட கலியாண வீட்டிலகூட இவ்வளவு கொஞ்சல் இல்லை" என்று ஒருத்தி சொல்ல, பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். ஒருவர் வடையைச் சாம்பாரில் தோய்த்து, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே மடியில் ஊற்றிக்கொண்டார். நாலைந்து கைபேசிகள் உயர்ந்து திரையைப் படம் பிடித்தன. அந்தப் படங்களின் ஓரத்தில் அண்ணையின் மாலையும் விழுந்திருக்கும். சீ, என்ன பிறவிகள் என்று எனக்கு மேலெல்லாம் கூசியது.

சத்தியப்பிரமாணம் முடிந்ததும் ஒரு கைதட்டல். அது கிடக்கட்டும், அங்கே அவர்களும் தட்டினார்கள், இங்கே இவர்களும் தட்டினார்கள் என்று விட்டுவிடலாம். பிறகு புதியவர் பேசத் தொடங்கினார். எல்லையை அடைப்பது பற்றி வந்தது. விசா இல்லாமல் உள்ளே வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி வந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை நல்ல தெளிவான ஜெர்மனில் சொன்னார். விளங்கவில்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல முடியாது.

மண்டபம் கை தட்டியது.

முதலில் தட்டியது கடைக்காரர். "சரியாத்தான் சொல்லுறான்! உப்பிடி ஒருத்தன் இஞ்சையும் வரவேணும்" என்றார், மேசையில் அடித்து.

"அனுப்பத்தான் வேணும்" என்றார் கார்க்காரர். "கண்ட கண்டவனெல்லாம் உள்ளை வந்து நாட்டை நாறடிக்கிறாங்கள். ராவில கார் ஓடுற எங்களுக்கெல்லோ தெரியும்."

"நாங்கள் வந்து கோப்பை கழுவி முன்னுக்கு வந்தனாங்கள். உவங்கள் சும்மா குந்தியிருந்து எடுக்கிறாங்கள்" என்று பின்னால் ஒரு குரல். அதற்கும் கை தட்டல். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள். அந்தத் தலைகளில் ஒன்றாவது இந்த நாட்டுக்கு நேரான வழியில் வந்த தலை இல்லை. லொறியில் வந்தது, பனிக்குள்ளால் நடந்து வந்தது, வேறு ஒருவரின் பாஸ்போர்ட்டில் வந்தது, பிடிபட்டு அழுதது, திரும்பிப் போகக் கையெழுத்துப் போடச் சொல்லி மறித்து வைக்கப்பட்டது. நானும் அப்படித்தான் வந்தேன்.

இனி வாயை மூடிக்கொண்டு இருந்தால் நான் மனுசி இல்லை. எழும்பினேன்.

"கடைக்கார அண்ணை, உங்களுக்கு வெக்கமா இல்லையே? லொறிக்குள்ளை வெங்காயத்தோட வந்த ஆள் நீங்கள். ஆரின்ரை படத்துக்கு முன்னால நிண்டு கை தட்டுறியள்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பு. சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னார். "அது வேறை, பிள்ளை. எங்களுக்குச் சண்டை நடந்தது. நாங்கள் உயிருக்குப் பயந்து வந்தனாங்கள்."

"அக்கான்ரை மோன்?"

"அவன்ரை கதை வேறை. அவன் எங்கட பிள்ளை. அவனைச் சொல்லுறானே? மற்ற ஆக்களைச் சொல்லுறான்."

"உங்களுக்குத் தனிய வந்து சொன்னவரோ, மற்ற ஆக்களைத்தான் எண்டு?"

"உனக்கு அரசியல் விளங்காது. இரு" என்றார். என்னைச் சுற்றி நாலு பேர் "இருங்கோ, இருங்கோ, மறைக்குது" என்றார்கள். மறைக்குதாம். கோதாரி விழுவார்.

அக்கா ஒவ்வொரு கைதட்டலுக்கும் சேலைத் தலைப்பை இறுக்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டார். ஒரு முறை மட்டும் என் பக்கம் திரும்பி, "மணி அடிச்சது உனக்குக் கேட்டதோ? எனக்கு இந்தச் சத்தத்தில கேக்கேல்லை" என்றார். இல்லை அக்கா, அடிக்கவில்லை என்றேன். எனக்கும் அந்தக் கணினி விவகாரம் தெரியாது. மணி அடிக்கும் என்றுதான் நானும் நம்பிக்கொண்டு இருந்தேன்.

அக்காவின் கீழ் வீட்டில் குடியிருக்கிற ஜெர்மன் கிழவியும் வந்திருந்தார். அண்ணைக்குப் பதினைந்து வருடமாகக் கேக் செய்து கொடுத்தவர். அதில் சீனி குறைத்துச் செய்யப் பழகியதே அவருக்காகத்தான். கறுப்புச் சட்டை போட்டு, கையில் ஒரு வெள்ளைப் பூவோடு எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்தார். எங்கள் சடங்கில் இதுவும் ஒரு பகுதியோ என்று தெரியாமல் மரியாதையாகத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், என் காதுக்குள் குனிந்தார்.

"மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் வெளிநாட்டு அகதிகளைத் துரத்துவதாகத்தானே சொன்னார்?"

"ஓம்" என்றேன், ஜெர்மனில்.

"பிறகு ஏன் உங்கள் ஆட்கள் கை தட்டுகிறார்கள்?"

நான் எத்தனையோ வருடமாக இந்த நாட்டில் ஜெர்மன் கதைக்கிறேன். வேலையில் கதைக்கிறேன், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கதைத்தேன், ஒருமுறை நீதிமன்றத்தில்கூடக் கதைத்தேன். அந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு சொல் வரவில்லை. கிழவி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூவை மடியில் வைத்தார்.

பேச்சு முடிந்தது. திரையில் ஒருவர் எழும்பி அவர்களுடைய தேசிய கீதத்தைப் பாடத் தொடங்கினார். கார்க்காரர் திடீரென்று எழும்பி நேராக நின்றார். அவரைப் பார்த்துக் கடைக்காரர் எழும்பினார். பார்த்துப் பார்த்து, ஆடு மாதிரி, வரிசை வரிசையாக எழும்பினார்கள். அண்ணைக்கு ஒரு நிமிடம் எழும்பாத பின்வரிசையும் எழும்பியது. வலித்த கால் எல்லாம் சுகமாகிவிட்டது. ஒருவர் நெஞ்சில் கைகூட வைத்தார். முன்வரிசையில் அக்காவும் நானும் அந்தக் கிழவியும் மட்டும் இருந்தோம்.

அந்த நேரம்தான் மகள் வந்தாள். முழுக்க நனைந்து, ஐயரின் திறப்பு கையில். மண்டபம் எழும்பி நிற்பதைப் பார்த்து ஒரு கணம் வாசலில் நின்றாள். பிறகு திரையைப் பார்த்தாள். "என்ன செய்யிறீங்கள்? அண்ணா எங்கை? அண்ணா எங்கை?" என்று கத்திக்கொண்டு கதிரைகளுக்குள்ளால் ஓடி வந்தாள்.

"அவன் இன்னும் எடுக்கேல்லை, பிள்ளை. மணி அடிக்கேல்லை" என்றார் கடைக்காரர்.

"அது மணி அடிக்காது! அழைப்பு முதலே திறந்து கிடக்குது, நீங்கள் அதை மறைச்சுப்போட்டியள்! அண்ணா ஆறு மணியில இருந்து உள்ளைதான் நிப்பார்!"

ஒரு தட்டுத் தட்டினாள். பாடிக்கொண்டிருந்த ஆள் மறைந்தார். திரை நிறைய மகனின் முகம் வந்தது.

அவன் உள்ளேதான் நின்றான். பெற்றோல் நிலையத்தின் பொருள் வைக்கிற அறை. பின்னால் கூரை வரை குளிர்பானப் பெட்டிகள். வேலைச் சட்டைக்கு மேல் தோளில் ஒரு வெள்ளைச் சால்வை போட்டிருந்தான். நெற்றியில் திருநீறு. முன்னால் ஒரு பெட்டியின் மேல் கைபேசிக்குள் இருந்து எடுத்து அச்சடித்த தகப்பனின் சின்னப் படமும், அதற்கு முன்னால் ஒரு வாழைப்பழமும் இருந்தன. அரை மணி நேரமாக அப்படியே நின்றிருக்கிறான். எழும்பி நின்ற சனம் இருக்கவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நின்றது. ஒருவர் நெஞ்சில் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை.

"ராசா..." என்றார் அக்கா.

"அம்மா, நேரம் முடிஞ்சுது. என்னைக் கூப்பிடுகினம்" என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ கதவைத் தட்டுவது கேட்டது. "தங்கச்சி, அப்பான்ரை படத்தை ஒருக்காக் காட்டு."

மகள் கணினியைத் தூக்கி அண்ணையின் படத்துக்கு நேரே பிடித்தாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். கும்பிட்டான். நாலு வார்த்தை பேசவென்று ஆயத்தப்படுத்தி வைத்தவன், ஒரு வார்த்தையும் பேச நேரம் இல்லாமல் சால்வையை எடுத்து மடித்தான்.

"இவ்வளவு நேரமும் கூரைதான் தெரிஞ்சுது, கூப்பிட்டும் உங்களைக் காணேல்லை அம்மா. என்ன கதைக்கினம் எண்டும் ஒழுங்கா விளங்கேல்லை. கை தட்டினது மட்டும் நல்லாக் கேட்டது. கனபேர் வந்திருக்கினம் போல. அப்பாவைப் பற்றி ஆர் பேசினது?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். நான் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அமத்தினார்.

"கடைக்கார மாமா பேசினவர், ராசா" என்றார். குரல் அசையவில்லை. "அப்பாவோட முகாமில ஒரே அறையில இருந்தவர். அப்பா அவருக்குச் செய்ததெல்லாம் சொன்னவர். அதுக்குத்தான் எல்லாரும் கை தட்டினவை."

அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்பிடியே? நல்லது. மாமாவுக்கு நான் நன்றி சொன்னனெண்டு சொல்லுங்கோ." பிறகு, "வாறன் அம்மா. பயப்பிடாதேங்கோ" என்றான். திரை சாம்பலாகியது.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதிரைகளுக்கு நடுவால் கடைக்காரரிடம் நடந்து போனார். சனம் விலகி வழிவிட்டது. அந்த மனிதர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவருக்கு நேர் முன்னால் நின்று, அவர் நிமிரும் வரைக்கும் பொறுத்திருந்து, சொன்னார்.

"தம்பி, என்ரை மோன் உங்களுக்கு நன்றி சொல்லட்டாம்."